கல்யாண போட்டோ ஆர்டர் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: ரா பைல் என்று எங்களுக்குக் கொடுத்தது ரா பைலே இல்லை

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வரும் தையில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பணம் போனது மட்டும்தான் என்றால் நான் எழுதியிருக்க மாட்டேன். எங்கள் ஆயா கையில் குத்தியிருந்த பச்சை, ஒரு ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் படத்திலிருந்து அழிந்து போனது. அதைத் திரும்பக் கொண்டுவர நாங்கள் பட்ட பாடு வேறு எந்த வீட்டுக்கும் வரக்கூடாது.

இந்த வருடம் தை மாதம் தம்பிக்குக் கல்யாணம், காரிமங்கலம் பக்கம் ஒரு மண்டபத்தில். ஸ்டுடியோ தருமபுரி டவுனில். பெயர் சொல்லப் போவதில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், அது நடக்கிறபடி நடக்கட்டும். பேக்கேஜ் 85,000 ரூபாய். போட்டோவுக்கு இரண்டு பேர், வீடியோவுக்கு ஒருவர், ஒரு பெரிய ஆல்பம். ஓசூரில் போட்டோ வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் முன்கூட்டியே சொல்லியிருந்தான், "ரா பைல் கட்டாயம் கேளுங்க அத்தை" என்று. கேமரா பதிந்தபடியே, யாரும் கை வைக்காமல் இருக்கும் மூலப் பைல்தான் ரா பைல். கேட்டேன். "எடிட் பண்ணின படமும் வரும், ரா பைல் மொத்தமும் ஹார்டு டிஸ்கில் போட்டுக் கொடுத்துடறோம் அக்கா" என்றார் ஸ்டுடியோக்காரர். ரசீதில் 'ஆல்பம், வீடியோ' என்று மட்டும் எழுதினார். நானும் வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.

ஆல்பம் வைகாசியில் வந்தது. திறந்ததுமே அம்மா கேட்ட முதல் கேள்வி, "இது நம்ம எடுத்த சேலையா?" முகூர்த்தப் பட்டு நல்ல அரக்கு நிறம். ஆல்பத்தில் அது ஆரஞ்சு கலந்த சிவப்பாக இருந்தது. ஜரிகை வேலை எல்லாம் சேலையோடு கரைந்து ஒரே மஞ்சள் பட்டையாகத் தெரிந்தது. எங்கள் அப்பா காட்டு வேலை செய்து கறுத்த மனிதர். அவரை வெளுத்து, ரோஸ் பூசி, யாரோ போல ஆக்கியிருந்தார்கள். கேட்டதற்கு, "இப்ப இந்த டோன்தான் போகுது அக்கா, எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க" என்றார். சரி, ரா பைல் வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். அந்த நாள் செய்த தவறு அது.

ஆடியில் ஆயா போய்விட்டாள். காரியத்துக்கு வைக்கப் படம் தேடினோம். ஆயா கேமராவுக்கு முகம் கொடுத்து நின்றது தம்பி கல்யாணத்தில்தான். தட்டை ஏந்தியபடி நன்றாகச் சிரித்து நிற்கிறாள். ஆனால் இரண்டு கையும் வழுவழுவென்று வெறுமையாக இருந்தது. இடது முன்கையில் ஒரு தேளும் அதற்குக் கீழே ஒரு புள்ளிக் கோலமும் ஆயாவுக்கு உண்டு. பாப்பாரப்பட்டிப் பக்கம் ஊர் ஊராக வந்து பச்சை குத்துகிறவர்களிடம் கல்யாணத்துக்கு முன்னால் குத்திக்கொண்டது. எங்கள் வீட்டில் எல்லாக் குழந்தைகளும் அந்தத் தேளைத் தொட்டுத் தொட்டுத்தான் வளர்ந்தோம். படத்தில் அது இல்லை.

அது எப்படிப் போனது என்று பிறகு அண்ணன் மகன் விளக்கினான். தோலை வழுவழுப்பாக்கும் எடிட்டிங், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைச் சராசரியாக்கிவிடும். சுருக்கம், மரு, தழும்பு எதுவானாலும் அதற்குக் கறைதான். இவர்கள் போட்ட 'பிரீசெட்' என்ற தயார் நிற அமைப்பு பச்சை, நீல நிறங்களையும் இறக்கி வைத்திருந்தது. குத்தி வெகு வருடமான பச்சை என்றால் கறுத்த தோலில் மெல்லிய நீலப்பச்சைக் கோடு, அவ்வளவுதான். முதலில் நிறம் போனது, தோலை வெளுத்தபோது கோடு மங்கியது, மிச்சத்தை வழுவழுப்பு துடைத்துவிட்டது. போதாததற்கு ஜேபெக், அதாவது ஜேபிஜி என்று போனில் வரும் சாதாரணப் பட வடிவம். அந்த முறையில் படத்தைச் சேமிக்கும்போது வெளிச்ச அளவைப் புள்ளிக்குப் புள்ளி வைத்துக்கொள்வார்கள், நிறத்தைப் பெரும்பாலும் நாலு புள்ளிக்கு ஒன்றாகத்தான் வைப்பார்கள். மெல்லிய நிறக் கோடுகளுக்கு அங்கேயே பாதி உயிர் போய்விடும்.

ரா பைல் கேட்டு நாலு முறை அலைந்த பிறகு ஒரு ஹார்டு டிஸ்க் கொடுத்தார்கள். உள்ளே 1,900 பைல்கள், எல்லாவற்றின் பெயர் வாலிலும் ரா பைலுக்குரிய எழுத்துகள். கம்ப்யூட்டரில் சின்னப் படங்களாக வரிசையாகத் தெரிந்தன. நன்றி சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

அண்ணன் மகன் பைல் அளவைப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தான். ஒவ்வொன்றும் ஆறு, ஏழு எம்பி. அவர்கள் கொண்டுவந்தது 24 மெகாபிக்சல் கேமரா. புள்ளிக்கு 14 பிட் என்று கணக்குப் போட்டால் சுருக்காத ரா பைல் ஒன்று 42 எம்பி வரும். தரம் கெடாமல் சுருக்கினாலும் 20 எம்பிக்கு மேல் இருக்க வேண்டும். ஒரு பைலை எடுத்து வாலை ஜேபிஜி என்று மாற்றினான். போனில் சாதாரணப் படமாகத் திறந்துகொண்டது. ஜேபெக் படத்துக்குப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்! அவற்றில் ஒரு முந்நூறு பைல் கொஞ்சம் சாமர்த்தியமாகச் செய்தது: ஜேபெக்கையே டிஎன்ஜி என்ற ரா வகைப் பைலாக ஆக்கியிருந்தார்கள். லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் திறந்தால் குட்டு வெளிப்பட்டது. வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்ப வெள்ளையை வெள்ளையாக்கும் அளவுக்கு ஒயிட் பேலன்ஸ் என்று பெயர்; உண்மையான ரா பைலில் அதை 3200, 5500 என்று கெல்வின் கணக்கில் காட்டும். இவற்றில் சுழியம் மட்டும் காட்டி, கூட்டவோ குறைக்கவோ நூறு வரை என்றது. நிறத்தை ஏற்கெனவே கலந்து முடித்த படத்துக்குத்தான் அப்படிக் காட்டும்.

இந்த இடத்தில் ரா பைல் என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். கேமரா சென்சாருக்கு நிறம் தெரியாது, எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்பது மட்டும்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு நிற வடிகட்டி ஒட்டியிருக்கிறார்கள்: பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, கால்வாசிக்கு நீலம். கோடாக் கம்பெனியில் இருந்த பிரைஸ் பேயர் இதற்கு 1976இல் காப்புரிமை வாங்கினார்; இன்றைக்கும் பெரும்பாலான கேமராக்களில் அந்த அடுக்குதான். ஒரு புள்ளியில் ஒரு நிறத்தின் அளவுதான் கிடைக்கும், மற்ற இரண்டையும் அக்கம்பக்கம் பார்த்துக் கணக்குப் போட்டு நிரப்ப வேண்டும். அந்தக் கணக்குக்கு முந்தைய அளவுகள்தான் ரா. 14 பிட் ரா பைலில் ஒரு புள்ளிக்கு 16,384 படிகள் உண்டு. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். இருட்டில் கிடக்கிற முகத்தைத் தூக்கி எடுக்க அந்தப் படிகள் வேண்டும்.

ஒரே ரா பைலை இரண்டு மென்பொருளில் திறந்தால் இரண்டு நிறம் காட்டும். அப்படியானால் படத்தின் நிறம் என்பது யாரோ ஒருவர் எடுக்கிற முடிவு. எங்கள் அப்பாவின் நிறம் என்ன, ஆயாவின் கை எப்படி இருந்தது என்று எங்களைக் கேட்காமல் ஒருவர் முடிவு செய்துவிட்டார், அந்த முடிவை மாற்ற வழி இல்லாமலும் செய்துவிட்டார். இது பழைய வியாதிதான். பிலிம் காலத்தில் கோடாக் லேப்களுக்கு 'ஷெர்லி கார்டு' என்று ஒரு படம் போகும், அதில் இருப்பது வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் சரியாக வந்தால் அச்சு சரி. கறுத்த முகம் எப்படி வந்தாலும் கேட்பாரில்லை.

திரும்பப் போய்க் கேட்டபோது ஸ்டுடியோக்காரர் முதலில், "எங்க கேமராவில் ரா இப்படித்தான் வரும்" என்றார். அண்ணன் மகன் அளவுகளைக் காட்டினான். அப்புறம்தான் வாயைத் திறந்தார். ஆல்பம் வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரில் இடம் வேண்டும் என்று ரா பைல்களை அழித்துவிட்டார்களாம், கார்டுகளை அடுத்த முகூர்த்தத்துக்கு பார்மட் போட்டுவிட்டார்களாம். நான் விடாமல் கேட்டதால் எடிட்டர் "ஏதோ பண்ணிக் கொடுத்தார்". அழிந்துவிட்டது என்று முதல் நாளே சொல்லியிருந்தால் அழுதுவிட்டு வந்திருப்பேன். இப்படி ஏமாற்றியிருக்க வேண்டாம்.

அன்றைக்கு வந்த இரண்டாவது கேமராமேன் ஸ்டுடியோ ஆள் கிடையாது. காவேரிப்பட்டணத்திலிருந்து நாள் கூலிக்கு வந்த தம்பி. அவர் நம்பரைப் பிடித்துப் பேசினோம். ஒரு கார்டு, பார்மட் போட்ட கொஞ்ச நாளில் மக்கர் செய்ததால் மேசை டிராயரில் போட்டு வைத்திருந்தார். "எடுத்துக்குங்க அக்கா, ஏதாவது கிடைச்சா சந்தோஷம்" என்று கொடுத்தார். பார்மட் போட்டாலும் மேலே வேறு படம் பதியாத வரைக்கும் பழைய பைல் உள்ளேயே கிடக்கும். அண்ணன் மகன் அதைப் போட்டோரெக் என்ற இலவச மென்பொருளில் போட்டு ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டான். 41 ரா பைல்கள் வந்தன. அதில் ஒன்றில் ஆயா.

டார்க்டேபிள் என்ற ரா பைல் திறக்கும் மென்பொருளில் திறந்ததும் எனக்கு மனசு விட்டுப்போனது. மஞ்சள் அடித்து, மங்கி, செத்த படம் போல இருந்தது. "இதுதான் அத்தை நல்ல ரா பைல். இன்னும் யாரும் கை வைக்கலை" என்றான். வீடியோக்காரர்களின் மஞ்சள் போகஸ் லைட்டில் எடுத்தது. ஒயிட் பேலன்ஸ் எடுக்க வெள்ளைப் பொருள் ஒன்று வேண்டும் என்று பக்கத்தில் நின்ற சித்தப்பாவின் வேட்டியைத் தொட்டான். ஆயா இன்னும் மஞ்சளானாள். வேட்டிக்குச் சொட்டு நீலம் போட்டிருக்கிறது. நீலத்தை வெள்ளை என்று நம்பினால் மென்பொருள் அந்த நீலத்தைக் கழிக்கும், படம் முழுக்க மஞ்சள் ஏறும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஆயாவின் நரைமுடியில் புள்ளியை வைத்தான். சட்டென்று எல்லாம் இடத்துக்கு வந்தது. சரிதானா என்று பார்க்க, பீரோவிலிருந்து அந்த அரக்குப் பட்டை எடுத்து வரச் சொல்லி, பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் விரித்துத் திரையில் தெரிந்த சேலையோடு ஒப்பிட்டோம். அரக்கு அரக்காகவே இருந்தது. நிழலைக் கொஞ்சம் தூக்கினான். தட்டுக்குக் கீழே, முன்கையில், தேளின் வாலும் மூன்று வரிசைப் புள்ளியும் தெரிந்தது. தலை தட்டு மறைவில் இருக்கிறது. பரவாயில்லை. அம்மா திரையைத் தொட்டுவிட்டுக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ராவிலும் ஆகாத காரியம் உண்டு. மேடையில் ஊதா, நீல எல்இடி லைட் மட்டும் அடித்த இடத்தில் எடுத்த நாலு படங்களை அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த வெளிச்சத்தில் சிவப்பே போதாதபோது தோலின் நிறம் எங்கிருந்து வரும்? தாலி கட்டும் நேரத்துக்காவது கலர் லைட்டை அணைக்கச் சொல்லுங்கள், மண்டபத்தில் கேட்டால் அணைத்துவிடுவார்கள்.

ஒப்பந்தத்தை எழுதி வாங்குங்கள். ரா பைல் தருவார்களா, எந்தக் கேமராவில் எடுத்தது, எப்போது தருவார்கள் என்று ரசீதிலேயே வரட்டும். தருவதில்லை என்று நேர்மையாகச் சொல்கிற போட்டோகிராபர்களும் இருக்கிறார்கள், அது அவர்கள் தொழில் முறை, முதலிலேயே தெரிந்தால் சண்டை இல்லை. காசு கொடுத்து நாம் எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, மாற்றி எழுதிய ஒப்பந்தம் இல்லாத வரை முதல் பதிப்புரிமை நமக்குத்தான் என்று 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் அவர்கள் நீட்டுகிற தாளில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஆல்பம் வரும்வரை காத்திருக்காதீர்கள். மூவாயிரம் படம் என்றாலும் எண்பது, தொண்ணூறு ஜிபிக்குள் அடங்கும். சொந்தமாக ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி, கல்யாணம் முடிந்த அன்றே மண்டபத்தில் உட்கார்ந்து கார்டிலிருந்து நேராகக் காப்பி எடுங்கள். சின்னப் படம் தெரிகிறதே என்று நம்பாதீர்கள். பைல் அளவைப் பாருங்கள், விவரம் தெரிந்த பிள்ளை ஒருவரை விட்டு நாலு பைலைத் திறந்து கெல்வின் எண் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மீதிப் பணம் அதற்குப் பிறகு போதும்.

ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. நான் ரசீது, ஹார்டு டிஸ்க், வாட்ஸ்அப்பில் பேசியது எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். 'ரா பைல் நாளைக்கு ரெடி அக்கா' என்று அவரே அனுப்பிய செய்தி அதில் இருக்கிறது.

வரும் தையில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். போட்டோவுக்கு அந்தக் காவேரிப்பட்டணத்துத் தம்பியையே பேசியிருக்கிறோம். தோலை வெளுக்கக் கூடாது, பச்சை, மரு, தழும்பு எதையும் கேட்காமல் அழிக்கக் கூடாது, ரா பைல் அன்றிரவே வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "சாம்பல் அட்டை ஒண்ணு கொண்டாந்து முதல் படத்தில் பிடிச்சிடறேன் அக்கா, அப்ப நரைமுடியைத் தேட வேண்டாம்" என்றார்.