டாலிஸ்கர் 10: ஸ்கை தீவின் மிளகுக் காரம்

புகை வாசம் உள்ள சிங்கிள் மால்ட் விஸ்கியை (ஒரே வடிப்பாலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் செய்தது) எதிலிருந்து தொடங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது 10 ஆண்டு பீப்பாயில் ஊறிய டாலிஸ்கர் 10தான். ஐலா தீவின் லஃப்ராய்க் விஸ்கி மாதிரி முதல் மடக்கிலேயே மருந்து நெடியோடு தாக்காது. முதலில் இனிப்பு, அப்புறம் கடற்கரை உப்பு, அதன் பின்னால் மெல்லிய புகை, சரி முடிந்தது என்று நினைக்கிறபோது தொண்டை ஓரத்தில் மிளகுக் காரம் ஏறும் பாருங்கள், அதற்காகவே இந்த பாட்டிலை வாங்கலாம்.

ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில், கார்போஸ்ட் என்ற ஊரில், லாக் ஹார்போர்ட் என்ற கடல் கழியின் கரையில் 1830இல் ஹியூ, கென்னத் மெக்காஸ்கில் சகோதரர்கள் தொடங்கிய டிஸ்டில்லரி (வடிப்பாலை) இது. பல கை மாறி இப்போது டியாஜியோ என்ற மதுபான நிறுவனத்திடம் இருக்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இங்கே இருக்கும் ஐந்து ஸ்டில்கள், அதாவது செம்பு வடிகலன்கள். 1928 வரை இங்கே மூன்று முறை வடித்தார்கள், பிறகு இரண்டு முறையாகக் குறைத்தார்கள், ஆனாலும் முதல் வடிப்புக்கு இரண்டு, இரண்டாவதற்கு மூன்று என்ற பழைய கணக்கு அப்படியே நின்றுவிட்டது. முதல் வடிப்பு ஸ்டில்களின் மேல்குழாய் யு வடிவில் வளையும், கனமான ஆவியை ஒரு சிறு குழாய் மறுபடி உள்ளேயே அனுப்பிவிடும். குளிர்விப்பதும் பழைய முறையில்தான், தண்ணீர்த் தொட்டிக்குள் சுருண்டு கிடக்கும் செம்புக் குழாய்களில். 1960இல் தீப்பிடித்து ஸ்டில்கள் எல்லாம் போனபோது, வளைவு மாறினால் ருசி மாறிவிடும் என்று பழையவற்றை அச்சு அசலாகச் செய்து வைத்தார்கள். அந்த அக்கறைக்கே ஒரு மரியாதை கொடுக்கலாம்.

45.8 சதவீத ஆல்கஹால் இதற்குச் சரியான அளவு, 40க்கு இறக்கியிருந்தால் அந்தக் காரம் மங்கியிருக்கும். சில துளி தண்ணீர் விட்டால் புகை அடங்கி ஆப்பிள் வாசம் வெளியே வரும். ஐஸ் மட்டும் வேண்டாம், இருக்கிற எல்லாவற்றையும் மூடிவிடும். குறை என்றால், நிறத்துக்காக கேரமல் சேர்ப்பது. இவ்வளவு நல்ல விஸ்கிக்கு எதற்கு அது?

டாலிஸ்கரின் வயது குறிப்பிடாத வகைகளான ஸ்டார்ம், ஸ்கை இரண்டும் இதே 45.8தான், ஆனால் ஸ்டார்மில் புகை அதிகம், ஆழம் குறைவு, ஸ்கை எனக்கு ரொம்பவே இனிப்பு. விலையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் யோசிக்கவே வேண்டாம், 10 ஆண்டு பாட்டிலையே எடுங்கள்.