உப்புக் காற்றில் இரண்டு இன்ஜின்கள்: வார்ப்பு பிஸ்டனா, ஃபோர்ஜ்டு பிஸ்டனா?

எங்கள் குடும்பத்தில் இரண்டு பெட்ரோல் கார்கள் உண்டு. என்னுடையது டர்போ இல்லாத பழைய செடான். ரீபோர் செய்தபோது, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கியபோது, வார்ப்பு பிஸ்டனே (உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றிச் செய்தது) போதும் என்று போட்டேன். மச்சானுடையது டர்போ கார். பூஸ்ட்டை, அதாவது டர்போ இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் அழுத்தத்தை, கூட்ட ஆசைப்பட்டு ஃபோர்ஜ்டு பிஸ்டனும் (உலோகக் கட்டியை அழுத்தி உருவாக்கியது) அதைத் தாங்கும் கனெக்டிங் ராடும் போட்டிருக்கிறார். சில ஆண்டுகளாக இரண்டும் ராமநாதபுரம், மண்டபம், பாம்பன் என்று ஒரே சாலையில்தான் ஓடுகின்றன.

முதலில் சத்தம். மார்கழி விடியலிலும் இந்தக் கரையில் பெரிய குளிர் கிடையாது. அப்படியிருந்தும் மச்சான் காரை எடுத்தால் சற்று நேரம் டக்டக் என்று தட்டும். தெருவில் போகிறவர்கள் இன்ஜின் போய்விட்டதா என்று விசாரிக்கிறார்கள். அவர் வாங்கியது 2618 என்ற அலுமினியக் கலவை. அதில் சிலிக்கான் மிகக் குறைவு. அதனால் எளிதில் உடையாது, ஆனால் சூட்டில் விரிவது அதிகம். விரிய இடம் விட்டு போரை, அதாவது பிஸ்டன் ஏறியிறங்கும் சிலிண்டர் துளையை, சற்று அகலமாகக் கடைய வேண்டியிருக்கிறது. இன்ஜின் சூடேறும்வரை பிஸ்டன் அந்த இடைவெளியில் ஆடுகிறது. என்னுடையது சிலிக்கான் 12 சதவீதத்துக்கு மேல் உள்ள வார்ப்பு. குறைவாக விரிவதால் இறுக்கமாகவே பொருத்தலாம்; காலையிலும் மாலையிலும் ஒரே சத்தம்தான்.

இன்ஜின் எண்ணெய்க் கணக்கிலும் என் கார்தான் சிக்கனம். எண்ணெய் மேலே ஏறாமல் தடுக்கும் ரிங் வளையங்கள் பிஸ்டனில் உட்காரும் பள்ளங்கள் 2618-இல் சீக்கிரம் தேயும் என்று பட்டறையில் முன்கூட்டியே சொன்னார்கள். மச்சான் டிக்கியில் எப்போதும் ஒரு எண்ணெய் டப்பா கிடக்கிறது. ஃபோர்ஜ்டு என்றால் நீண்ட நாள் உழைக்கும் என்ற பேச்சை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம். அடி தாங்குவது வேறு, தேயாமல் இருப்பது வேறு.

அடி என்றால் நாக்கிங். பெட்ரோல் கலவை நேரம் தவறி வெடிக்கும்போது வார்ப்பு பிஸ்டனில் ரிங் பள்ளத்தின் விளிம்பு உடைந்து தெறிக்கும். ஃபோர்ஜ்டு அவ்வளவு எளிதில் உடையாது, நசுங்கினாலும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். பூஸ்ட்டைக் கூட்டியவருக்கு இது வீண் செலவு அல்ல. மற்றவர்களுக்கு?

இங்கே நான் பார்த்த இன்ஜின்களைக் கெடுத்தது பெரும்பாலும் சூடு. கடலோர ஊர்களில் போர்வெல் தண்ணீர் உப்பு. அதை அப்படியே ரேடியேட்டரில் ஊற்றுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உள்ளே உப்புப் படிந்து குழாய் அடைகிறது. வெளியே கடற்காற்று ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளை அரிக்கிறது. தனுஷ்கோடிப் பக்கம் போய்வந்தால் மணலும் சேர்ந்துகொள்ளும். இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடானால் நாக்கிங் வரும், இன்ஜினின் மேல்மூடிக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கட் போகும், பிறகு பிஸ்டனும் போகும். விலை உயர்ந்த பிஸ்டன் இதில் கடைசி விபத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். மிச்சப்பட்ட பணத்தில் நான் புது ரேடியேட்டரும் நல்ல கூலண்டும் போட்டேன். கரையோரச் சாலையிலிருந்து திரும்பினால் ரேடியேட்டரை நல்ல தண்ணீரில் கழுவிவிடுகிறேன். சித்திரை வெயிலில் ஏசி போட்டு ஓட்டியும் சூடு காட்டும் முள் நடுவைத் தாண்டவில்லை.

பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க்ஷாஃப்ட் வேறு கதை. டீசல் இன்ஜின்கள் பலவற்றில் கம்பெனியே ஃபோர்ஜ்டு எஃகுதான் போடுகிறது. பழைய சாமான் கடையில் வாங்கும்போது அச்சு சேர்ந்த தடத்தைப் பாருங்கள்: மெல்லிய கோடாக இருந்தால் வார்ப்பு, அகலமாகத் தேய்த்த பட்டையாக இருந்தால் ஃபோர்ஜ்டு. தொங்கவிட்டுத் தட்டினால் ஃபோர்ஜ்டு மணிபோல் ஒலிக்கும், வார்ப்பு மந்தமாக அடங்கும்.

டர்போ வைத்திருப்பவர்கள் தினசரி ஓட்டத்துக்கு 4032 கலவையைக் கேட்டுப் பார்க்கலாம். அதுவும் ஃபோர்ஜ்டுதான், சிலிக்கான் கூடுதல் என்பதால் விரிவு குறைவு, காலைத் தட்டலும் குறைவு. எதை வாங்கினாலும் பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு, அதனுடன் வரும் தாளில் உள்ள இடைவெளி அளவைக் காட்டிய பிறகே லேத்தில் போரைக் கடையச் சொல்லுங்கள். வழக்கமான அளவுக்குக் கடைந்துவிட்டால் 2618 பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும்.