“ஆள் எடுத்தாச்சு” என்று வாயால் சொன்னால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள்

வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, காசிமேடு. ஆதாரில் இந்தப் பெயர்களில் ஒன்று இருந்தால் வேலை கேட்கப் போன இடத்தில் பேச்சு எப்படி மாறும் என்று வடசென்னையில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. காலையில் போனில் “பத்து பேர் வேணும், உடனே வாங்க” என்பார்கள். முகவரியைப் பார்த்ததும் “ஆள் எடுத்தாச்சு” என்பார்கள். ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். எச்.ஐ.வி. என்று தெரிந்ததும் ஆபரேஷன் தேதி தள்ளிக்கொண்டே போகும். சக்கர நாற்காலியில் வருபவரிடம் “சார் மாடியில இருக்காரு” என்பார்கள்.

இந்த மறுப்புகளில் ஒன்றுகூட எழுத்தில் இருக்காது. எழுதிக் கொடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்று மறுப்பவருக்கு நன்றாகவே தெரியும். பாதிக்கப்பட்டவர்கள் தோற்பதும் பெரும்பாலும் இந்த முதல் நாளில்தான்.

முதலில் வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு பொய் நம்பிக்கையைச் சொல்லிவிடுகிறோம். “ஏரியாவைக் காட்டி வேலை மறுத்தால் அரசியல் சட்டப்படி கேஸ் போடலாம்” என்பது பாதி உண்மை. வசிப்பிடத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு கூடாது என்று 16(2) பிரிவு சொல்வது அரசு வேலைக்கு மட்டும். தனியார் நிறுவனம் ஏரியாவைச் சொல்லி ஒதுக்கினால், அதை மட்டும் வைத்து வழக்குப் போட நேரடிச் சட்டம் இல்லை. இது பெரிய ஓட்டை, அநியாயமான ஓட்டை. ஆனால் ஏரியா பெயருக்குப் பின்னால் சாதி இருந்தால் நிலைமை வேறு. மற்றவர்களுக்குத் திறந்திருக்கும் வேலைக்குப் பட்டியல் சாதி, பழங்குடியினரைப் போகவிடாமல் தடுப்பதும் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். அதனால் அவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே, சொன்ன மொழியிலேயே எழுதி வையுங்கள். “கேவலமாகப் பேசினார்” என்று எழுதினால் வழக்கு நிற்காது. சாதியைச் சொல்லி அவமதித்த குற்றத்துக்கு அது பொதுப் பார்வையில் நடந்திருக்க வேண்டும். அறைக்குள் நீங்களும் அவரும் மட்டும் இருந்தால் அந்தப் பிரிவு நிற்பது கடினம். பக்கத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

வடசென்னையில் பலருக்கு இடறும் இன்னொரு இடம் சாதிச் சான்றிதழ். கிறிஸ்தவ ஆதிதிராவிடர் என்று சான்றிதழ் இருந்தால் தமிழ்நாட்டில் அது பிற்படுத்தப்பட்டோர் பட்டியல். வன்கொடுமைச் சட்டம் அவருக்குப் பொருந்தாது. மனு எழுதுவதற்கு முன் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பாதி வழியில் இது தெரியவந்தால் மொத்தப் புகாரும் சரியும்.

போலீஸ் நிலையத்தில் நடக்கும் ஏமாற்று இது. மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். “கேஸ் போட்டாச்சு, விசாரிச்சிட்டுக் கூப்பிடுறோம்” என்பார்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கியதற்கான அத்தாட்சி மட்டும். அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. வன்கொடுமைச் சட்டத்தில் 2018-இல் சேர்த்த 18ஏ பிரிவின்படி எஃப்.ஐ.ஆர். போட முன்விசாரணை தேவையில்லை. நீங்கள் வாயால் சொன்னதை அதிகாரி எழுதினால், கையெழுத்து வாங்கும் முன் உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும், நகல் இலவசமாகத் தர வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியைச் சேராத அரசு ஊழியர் இந்தக் கடமையை வேண்டுமென்றே செய்யாவிட்டால் 4-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 1 வருடம் வரை சிறை. வழக்கை விசாரிப்பவர் டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையக் கூடாது, சென்னையில் அது உதவி ஆணையர். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் அதே மனுவைத் துணை ஆணையருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரப்படுத்தி, டெலிவரி ஆன விவரத்தை இணையத்தில் எடுத்து பிரிண்ட் போட்டு வையுங்கள். அதற்கும் பலன் இல்லாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போக அந்தக் காகிதங்கள் வேண்டும். 14566 என்ற தேசிய உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம்.

எச்.ஐ.வி. விஷயத்தில் சட்டம் மிகத் தெளிவு, தெரிந்தவர்கள்தான் குறைவு. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலையில் சேர எச்.ஐ.வி. பரிசோதனை கேட்கவே கூடாது, சிகிச்சையையும் மறுக்கக் கூடாது. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்திலும், 20 பேரோ அதற்கு மேலோ உள்ள மருத்துவமனையிலும் புகார் அதிகாரி இருக்க வேண்டும். சிகிச்சை மறுக்கப்பட்டால் மாநிலத்தின் குறைதீர்ப்பு அதிகாரியான ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். மருத்துவ அவசரம் என்றால் கூடியவரை 24 மணி நேரத்தில், மற்றவற்றில் 30 நாளில் உத்தரவு போட வேண்டும். பெயர் வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் பலர் பின்வாங்குகிறார்கள். அடையாளத்தை மறைத்து விசாரிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமையும் இதே சட்டத்தில் இருக்கிறது.

மாற்றுத்திறனாளிகளிடம் அரசு வேலையில் பாகுபாடு காட்டினால் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. ஒவ்வொரு அரசு அலுவலகத்திலும் குறைதீர்ப்பு அலுவலர் இருக்க வேண்டும், பதிவான புகாரை 2 வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். கவுன்ட்டரில் சண்டை போடுவதை விட “அந்த அலுவலர் யார், பதிவு எண் என்ன?” என்று கேட்பது அதிகம் வேலை செய்யும்.

எந்த அலுவலகமானாலும் மனு இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் அன்றே ஸ்பீட் போஸ்ட். ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் திங்கட்கிழமை ஆட்சியரிடம் மனு கொடுத்தால் மனு எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் வெளியே வராதீர்கள்.

அரசு வேலைத் தேர்வில் ஒதுக்கப்பட்டிருந்தால் தகவல் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்பாக ஒட்டலாம். “என்னை ஏன் எடுக்கவில்லை?” என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். தேர்ச்சிப் பட்டியல், உங்கள் மதிப்பெண், இனச்சுழற்சிப் பதிவேட்டின் (எந்தப் பணியிடம் எந்தப் பிரிவுக்கு என்ற வரிசையின்) நகல் என்று இருக்கும் ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் ஏஜென்சிகளிடம் அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள். யூனிஃபார்ம் டெபாசிட் என்று பணம் கேட்டால் ரசீது இல்லாமல் தராதீர்கள். சான்றிதழ் அவர்கள் பீரோவில் இருந்தால் சம்பளத்தில் பாகுபாடு காட்டினாலும் உங்களால் வாய் திறக்க முடியாது. போனில் பதிவான பேச்சை வெட்டாமல், அதே போனில் வைத்திருங்கள். கோர்ட்டில் மின்னணுச் சான்றுக்குத் தனிச் சான்றிதழ் கேட்பார்கள், ஃபார்வர்டு ஆன துண்டு அங்கே சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

கடைசியாக, புரோக்கர்கள். “பி.சி.ஆர். கேஸ் போட்டு நிவாரணம் வாங்கித் தர்றேன், வர்றதுல பங்கு குடு” என்று நிலைய வாசலிலேயே வருவார்கள். பி.சி.ஆர். கேஸ் என்று பேச்சில் சொல்வது வன்கொடுமைச் சட்ட வழக்கைத்தான். நிவாரணம் எஃப்.ஐ.ஆர். கட்டத்தில் தொடங்கித் தவணையாக அரசு தருவது, அதற்கு யாருக்கும் பங்கு தர வேண்டியதில்லை. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 15100-ஐ அழையுங்கள். இதே புரோக்கர்தான் பிறகு “சமாதானமாப் போயிடலாம்” என்று வெற்றுத் தாளையும் நீட்டுவார். அதில் கையெழுத்துப் போட்டால், புகார் பொய் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக அந்தத் தாளை நிரப்பிக்கொள்வார்கள்.