எங்கள் பகுதிப் பொது நூலகம்: இருந்து வாசிக்க அருமை, இரவல் எடுக்கப் பெரும்பாடு

திருகோணமலையில் நடந்து போகும் தூரத்தில் நூலகம் இருந்தும் அதன் படியை மிதிக்காதவர்கள் என் தெருவிலேயே பலர். அவர்களுக்காக எழுதுகிறேன். நான் தையல் வேலை செய்பவள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகளுக்குத் துணையாகப் போய், இப்போது எனக்காகவும் போகிறேன்.

உள்ளே நுழைந்தவுடன் பத்திரிகைப் பகுதி. யாரும் பெயர் கேட்பதில்லை, பணம் கேட்பதில்லை. பார்வை மங்கிய ஒரு பெரியவருக்கு அவருடைய நண்பர் வீரகேசரியை மெல்லிய குரலில் வாசித்துக் காட்டுவார். மரண அறிவித்தல் வரை ஒன்றும் விடுவதில்லை. நூலகர் அதைத் தடுப்பதில்லை. இதற்கு மட்டும் முழுப் புள்ளி கொடுப்பேன். கடந்தகால வினாத்தாள்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. சிறுவர் பகுதியில் புதிய புத்தகங்கள் போதாது.

நூலகர் அக்காவைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். கடற்காற்றின் ஈரத்தில் பழைய புத்தகங்களின் முதுகு பிரிந்துவிடும். அவர் துணிக் கீற்றில் மாப்பசை தடவி, முதுகோடு ஒட்டி, எலும்புத் துண்டு போல வழுவழுப்பான ஒரு மரக்கட்டையால் நீவி, மேலே கனமான அகராதிகளை ஏற்றி வைப்பார். "பிள்ளை, காடாத் துணி மிஞ்சினால் கொண்டுவாருங்கள், மற்றத் துணி மடிப்பில் நைந்துவிடும்" என்றார். வெட்டி மிஞ்சும் காடாத் துணியை இப்போது நான் எறிவதில்லை.

குறை இரவல் பகுதியில்தான். அங்கத்தவராக வேண்டுமென்றால் ஆதனவரி, அதாவது வீடு காணிக்கான வரி, கட்டும் ஒருவர் பிணை நின்று கையொப்பமிட வேண்டும். நாங்கள் வாடகை வீட்டில் இருப்பவர்கள். வீட்டுச் சொந்தக்காரரிடம் படிவத்தை நீட்டினேன். புத்தகம் தொலைந்தால் தன் தலையில் விழும் என்று மறுத்துவிட்டார். பிறகு என்னிடம் சட்டை தைக்கும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை கையொப்பமிட்டார். அவர் இல்லையென்றால் என் மகளுக்கு அட்டை இல்லை.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்பதற்குக் காரணம் உண்டு. பிரித்தானியர் காலத்தில் கொழும்பில் முதலில் தோன்றிய நூலகங்கள் அதிகாரிகளுக்கும் சந்தா கட்ட வசதியுள்ளவர்களுக்கும் உரியவை. கொழும்புப் பொது நூலகம் 1925இல்தான் வந்தது. யாழ்ப்பாணத்திலோ 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டிலேயே புத்தகங்களை வைத்து வாசிக்கக் கொடுத்ததிலிருந்துதான் பின்னாளைய பெரிய நூலகம் முளைத்தது. அரசு கட்டித் தரும் வரை அவர் காத்திருக்கவில்லை.

1881 குடிசனக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர். பெண்களை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு வெறும் 3 பேர். அந்தக் காலத்தில்தான் எங்கள் திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, அங்கேயே நூலகராக இருந்து, 1895இல் 'மோகனாங்கி' என்ற வரலாற்று நாவலை எழுதினார். பெண் விடுதலையைப் பற்றியும் பாடியவர். ஒரு நூலகரை நாவலாசிரியராக நினைவுகூரும் ஊர் இது. இங்கே ஒரு பெண்பிள்ளை புத்தகம் எடுக்க இன்னொருவரின் வரிப் பற்றுச்சீட்டு தேவைப்படலாமா?

வாக்களிக்கச் சொத்து வேண்டும், வருமானம் வேண்டும் என்ற நிபந்தனை 1931இலேயே போய்விட்டது. 1945இலிருந்து இலவசக் கல்வி. 1946இல் நூற்றுக்கு 58 பேரளவில் வாசிக்கத் தெரிந்திருந்த நாட்டில், 2012இல் 95க்கும் மேல். வாசிக்கத் தெரிந்தவர்கள் இத்தனை பேர் பெருகிய பிறகும், இரவல் படிவம் மட்டும் சொத்துள்ளவரைத் தேடுகிறது. புத்தகத்துக்குக் காப்பு வேண்டும் என்பது நியாயம்தான். அதற்குப் பாடசாலை அதிபரின் கடிதமோ சிறிய வைப்புப்பணமோ போதாதா? இதை எழுதி நூலகத்தின் ஆலோசனைப் பெட்டியிலும் போட்டிருக்கிறேன். அக்காவும் மேலிடத்துக்குச் சொல்வதாகக் கூறினார். விதியை மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை.

நேரமும் வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தோதாக இல்லை. மாலையில் நான் கடையைப் பூட்டி வரும்போது அங்கே மின்விளக்கை அணைக்கத் தொடங்கிவிடுவார்கள். சனிக்கிழமை காலைதான் ஆறுதலாக இருந்து வாசிக்க ஏற்றது.

போகிறவர்கள் தேசிய அடையாள அட்டையும் கிராம சேவையாளரின் வதிவிடச் சான்றிதழும் எடுத்துச் செல்லுங்கள். பிணைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று திரும்பிவிட வேண்டாம். உசாத்துணைப் பகுதியில் அட்டை இல்லாமலே உட்கார்ந்து குறிப்பெடுக்கலாம். சன்னலோர மேசையில்தான் காற்று வரும்.