பீகிள் வளர்ப்பு: தொங்கும் காது தரும் தொல்லை

அடுக்குமாடி வீட்டில் பீகிள் நாய் வளர்க்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். உயரம், எடை, நிறமெல்லாம் அவருக்கே தெரியும். சென்னையில் பல ஆண்டுகளாக இந்த இனத்தை வளர்ப்பவன் என்ற முறையில் நான் சொல்ல வேண்டியது பெரும்பாலும் அதன் காதைப் பற்றித்தான்.

நாயின் காதுக்குழாய் முதலில் கீழே இறங்கிப் பிறகு உள்பக்கமாகத் திரும்புகிறது. பீகிளின் நீண்ட காதுமடல் அந்தக் குழாயின் வாயை நாள் முழுவதும் மூடியே வைத்திருப்பதால், நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளே ஈரம் காயாமல் ஈஸ்ட் என்ற பூஞ்சை பெருகிவிடுகிறது. ஐப்பசி மழை தொடங்கியதும் எங்கள் நாய் தலையை உதற ஆரம்பிக்கும். மடலைத் தூக்கினால் பழுப்பு நிற மெழுகு, புளித்த வாடை. கவனிக்காமல் விட்டால், உதறும் வேகத்திலேயே மடலுக்குள் இரத்தம் கட்டி வீங்கிவிடும். ஒரு மருத்துவமனையில், காது அழுக்கை நுண்ணோக்கியில் பார்க்காமலே ஒவ்வொரு முறையும் பாக்டீரியாவுக்கான சொட்டு மருந்தையே எழுதித் தந்தார்கள்; ஈஸ்ட் அதற்கு அடங்காது. வேறொரு மருத்துவர் பரிசோதித்த பிறகுதான் நாய்க்கு நிம்மதி கிடைத்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

செவிப்பறை நன்றாக இருக்கிறது என்று அந்த மருத்துவர் உறுதி செய்த பிறகு, வாரம் ஒருமுறை அவர் சொன்ன திரவத்தைக் காதில் விட்டு, அடிப்பகுதியைச் சளக் சளக்கென்று சத்தம் வரும்படி பிசைந்து, நாயையே உதறவிட்டு, வெளியே வருவதைப் பஞ்சால் ஒற்றி எடுக்கிறோம். குச்சிப் பஞ்சு கூடவே கூடாது. அது அழுக்கை இன்னும் உள்ளே தள்ளும். மடலின் மடிப்பில் உண்ணி ஒளிந்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

மூக்கைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. நம் நாட்டு நாய் இனங்களான சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் கண்டு விரட்டுபவை. பீகிளோ இங்கிலாந்தில் முயல் வேட்டைக்காகக் கூட்டமாக மோப்பம் பிடித்து ஓட வளர்க்கப்பட்டது. பயணிகளின் பெட்டியில் இருக்கும் பழத்தையும் இறைச்சியையும் கண்டுபிடிக்க அமெரிக்க வேளாண்மைத் துறை 1984இல் இந்த இனத்தைப் பயன்படுத்தத் தொடங்கியது. எப்போதோ பூனை நடந்துபோன வழியை, வால் நுனியின் வெள்ளை துடிக்க, ஒரு வளைவும் தவறாமல் மதில் சுவர்வரை எங்கள் நாய் தொடர்வதை இன்றும் வியந்து பார்க்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் எவ்வளவு கூப்பிட்டாலும் அது திரும்பாது. ஆகவே திறந்த வெளியில் வாரை அவிழ்க்கவே கூடாது. எவ்வளவு போட்டாலும் தின்னும் என்பதால், சோற்றை அளந்து வைக்காவிட்டால் உடல் பருத்து முதுகெலும்புக்குச் சுமையாகிவிடும்.

குழந்தைகளிடம் இவ்வளவு பொறுமையான நாயை நான் பார்த்ததில்லை. இருந்தும், மருத்துவருக்குப் பணம் கட்டிவிட்டு வந்திருக்கும் இன்று என் பதில், வாங்க வேண்டாம் என்பதுதான். கூட்டத்தோடு வாழப் பழகிய இனம் இது. பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் நண்பரின் வீட்டில் தனியாக விட்டால் ஊளையிட்டே மாடி முழுவதையும் எழுப்பிவிடும், அந்தக் காதைத் தூக்கிப் பார்க்கவும் ஆள் இருக்காது.