லென்ஸ் கம்பெனில கணக்குப் போடுறவர் எங்க உக்காந்திருக்காரு? நாலு டீம், ஒரு ஒப்பீடு

ஒரு ஆப்டிகல் டிசைன் கம்பெனிய எடை போடணும்னா எல்லாரும் என்ன சாஃப்ட்வேர் வச்சிருக்காங்க, எத்தன பிஎச்டி இருக்காங்க, எவ்ளோ பேட்டன்ட் வாங்கிருக்காங்கன்னுதான் மொதல்ல கேக்குறாங்க. என்னக் கேட்டா இதெல்லாம் அப்புறம் கேக்க வேண்டியது. கணக்குப் போடுறவரும் அளந்து பாக்குறவரும் முடிவெடுக்குற டேபிள்ல உக்காந்திருக்காங்களா, இல்ல வேற ஏதோ ஒரு ரூம்ல தனியா கெடக்குறாங்களா, இதத்தான் மொதல்ல பாக்கணும்.

ஏன்னா இந்தத் தொழில்ல தப்பு கண்ணுக்குத் தெரியாதுங்க. செவுரு கோணலா கட்டிருந்தா தூரத்துல நின்னு பாத்தாலே தெரிஞ்சிடும், ஒரு மிரரோட வளைவுல ரெண்டு மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) பெசகிருந்தா கைல வச்சு நாள் பூரா திருப்பிப் பாத்தாலும் பளபளன்னு அழகாத்தான் இருக்கும். அளந்தவர் வாயத் தொறந்து சொன்னாத்தான் உண்டு, அவர் சொல்றத மேல இருக்குறவங்க காது குடுத்துக் கேட்டாத்தான் உண்டு. அதனால வரலாத்துல இருந்து நாலு டீம எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கலாம்னு தோணுச்சு.

மொதல்ல வியன்னா. அங்க யுனிவர்சிட்டில கணக்கு ப்ரொஃபசரா இருந்தவர் ஜோசப் பெட்ஸ்வால். 1840ல போர்ட்ரெய்ட் லென்ஸ் ஒண்ணு டிசைன் பண்ணாரு, எஃப்/3.6 (இந்த நம்பர் சின்னதா இருந்தா ஒளி நெறைய உள்ள வரும்). அது வரைக்கும் ஃபோட்டோகிராஃபி முன்னோடி டாகேரோட கேமராவுல இருந்த லென்ஸ் ரொம்ப மெதுவு, நல்ல வெயில்லயே நிமிஷக்கணக்கா அசையாம உக்காரணும், அதனால மனுஷன் முகத்தப் படம் எடுக்குறதே பெரும்பாடா இருந்துச்சு. கம்ப்யூட்டர் ஏது அப்போ, அதனால ஆஸ்திரிய ராணுவத்தோட பீரங்கிப் படைல கணக்கு நல்லா வர்ற வீரர்கள அவருக்கு ஒதுக்கிக் குடுத்தாங்க, அவங்க உக்காந்து ஒவ்வொரு ஒளிக்கதிரா கையாலயே கணக்குப் போட்டாங்க. என்னோட பார்வைல அதுதான் முழுசான மொத லென்ஸ் டிசைன் டீம்.

ஆனா லென்ஸ செஞ்சு வித்தது வேற ஆளு, ஃபாய்க்ட்லேண்டர் கம்பெனி. ப்ரொஃபசருக்கும் கம்பெனிக்கும் ஒழுங்கான ஒப்பந்தம்னு ஒண்ணு கெடையாது. பெட்ஸ்வாலுக்கு ஒரே தடவையா 2000 கில்டர் (அப்போதைய ஆஸ்திரியப் பணம்) குடுத்ததோட சரி. லென்ஸ் பிச்சுக்கிட்டுப் போச்சு, பணம் பூரா ஒரு பக்கம், இவருக்கு மனக்கசப்பு மட்டும். ரெண்டு பேரும் சண்ட போட்டுப் பிரிஞ்சாங்க, ஃபாய்க்ட்லேண்டர் 1849ல ஜெர்மனில பிரவுன்ஷ்வைக்ல கடை விரிச்சாரு. பெட்ஸ்வால் 1857ல தன்னோட இன்னொரு டிசைன டீட்ஸ்லர்ன்னு வேற ஒரு லென்ஸ் மேக்கர் கிட்ட குடுக்க, ஃபாய்க்ட்லேண்டரும் அதையே செஞ்சு வித்தாரு. 1859ல ப்ரொஃபசர் வீட்டுக்குள்ள திருடங்க பூந்து அவரோட கையெழுத்துப் பிரதிகள நாசம் பண்ணிட்டாங்க, அவ்ளோதான், அத்தன வருஷ உழைப்பு. இத நெனச்சா எனக்கு இப்பவும் மனசு கஷ்டமா இருக்கும். யாரு மேல தப்புன்ற பஞ்சாயத்துக்கு நான் போகல. வெளியாள் ஒருத்தர்கிட்ட ஒரு டிசைன் வாங்கி வச்சுக்கலாம், அந்த டிசைன் பொறந்த மூளைய வாங்கி வைக்க முடியாது, ஃபாய்க்ட்லேண்டர் தரப்புல அடிபட்டது இந்த எடத்துலதான்.

இதுக்கு நேர் எதிர்ல ஜெர்மனில இருக்குற யேனா. கார்ல் ஸைஸ் மெக்கானிக்கா இருந்து 1846ல பட்டறை போட்டவர். மைக்ராஸ்கோப் நல்லாத்தான் செஞ்சாரு, ஆனா லென்ஸ் மட்டும் அப்போ எல்லாரும் பண்ண மாதிரிதான், தேச்சுப் பாக்குறது, சரியா வரலன்னா வேற ஒண்ணு மாத்திப் பாக்குறது. துல்லியமா வராத மைக்ராஸ்கோப்ப அவரே சுத்தியால அடிச்சு ஒடைச்சுடுவாருன்னு ஒரு கத சொல்வாங்க. இப்படியே குத்துமதிப்பா எத்தன நாள் ஓட்டுறதுன்னு யோசிச்சவர் 1866ல யேனா யுனிவர்சிட்டில இருந்த எர்ன்ஸ்ட் ஆபேயக் கூப்ட்டாரு. ஆபேக்கு அப்போ 26 வயசு.

இங்கதான் எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் நடக்குது. ஆபே போட்ட மொதக் கணக்குப்படி செஞ்ச லென்ஸ் பட்டறைல குத்துமதிப்பா செஞ்சதவிட மோசமா இருந்துச்சு! அபரேஷன் (ஒளி ஒரே புள்ளில சேராம படம் மங்குற கோளாறு) கம்மியா இருக்கணும்னு லென்ஸுக்குள்ள நொழையுற ஒளிக்கூம்ப அவர் குறுகலாக்கிட்டாரு, கணக்குல எல்லாம் சுத்தமா வருது, ஆனா பாத்தா நுணுக்கமான கோடெல்லாம் காணாமப் போகுது. வேற மொதலாளியா இருந்தா அன்னைக்கே ப்ரொஃபசருக்கு டாட்டா காட்டிருப்பாரு. ஸைஸ் காத்திருந்தாரு, காசும் போட்டாரு. ஆபே அந்தத் தோல்வியவே நோண்டி நோண்டிப் பாத்து, பொருள்ல பட்டு டிஃப்ராக்ட் ஆகி, அதாவது வளைஞ்சு, அகலமா விரியுற ஒளிய லென்ஸ் உள்ள வாங்குனாத்தான் நுணுக்கம் தெரியும், கூம்பு குறுகுனா அந்தத் தகவல் வெளியவே போயிடும்னு கண்டுபுடிச்சாரு. 1872ல கணக்குப் போட்டு செஞ்ச மைக்ராஸ்கோப் விற்பனைக்கு வந்துச்சு, 1873ல அந்தத் தியரி வெளிவந்துச்சு. ஒரு மைக்ராஸ்கோப்பால எவ்ளோ நுணுக்கம் வரைக்கும் பிரிச்சுப் பாக்க முடியும்னு சொல்ற ஆபே லிமிட் அங்க இருந்து வந்ததுதான். ஒரு கம்பெனி ப்ராடக்ட் சொதப்புனதுல இருந்து ஃபிசிக்ஸ் விதியே பொறந்திருக்கு, எவ்ளோ பெரிய விஷயம்!

1876ல ஆபே பார்ட்னர் ஆயிட்டாரு, சம்பளத்துக்கு இருக்குற விஞ்ஞானியா இல்லாம மொதலாளில ஒருத்தரா. அப்புறம் டிசைன் எவ்ளோ நல்லா இருந்தாலும் கண்ணாடி சரியில்லன்னா ஒண்ணும் ஆகாதுன்னு அவருக்குப் புரிஞ்சுது. 1879ல கண்ணாடி செய்ற குடும்பத்துல பொறந்த ஓட்டோ ஷாட்ன்னு ஒரு கெமிஸ்ட், தான் உருக்குன லித்தியம் கண்ணாடி சாம்பிள ஆபேக்கு அனுப்புனாரு. அங்க ஆரம்பிச்ச சிநேகம் 1884ல யேனாலயே கண்ணாடி லேபா ஆச்சு, 1886ல புதுக் கண்ணாடியும் ஃப்ளோரைட்ங்கிற கனிமமும் சேத்து, நெறங்கள் பிரிஞ்சு மங்காம பாக்க வைக்கிற அபோக்ரோமேட் லென்ஸ் வந்துச்சு. செய்றவர், கணக்குப் போடுறவர், கண்ணாடி உருக்குறவர்னு மூணு பேரும் ஒரே ஊர்ல, ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாத்துப் பேசிக்கிட்டு. இன்னைக்கும் ஒரு டிசைன் டீம்ல மெட்டீரியல் தெரிஞ்ச ஆள் இல்லன்னா எனக்கு ஒரு கை கொறஞ்ச மாதிரிதான் படும்.

ஆபே இதோட விடல. ஸைஸ் 1888ல எறந்த பிறகு 1889ல ஃபவுண்டேஷன் ஆரம்பிச்சு கம்பெனியையே அது கைல குடுத்துட்டாரு, 1900ல எட்டு மணி நேர வேலை கொண்டு வந்தாரு. அவங்கப்பா நூல் மில்லுல ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வரைக்கும் நின்னுக்கிட்டே வேலை பாத்தவர், அதக் கண்ணால பாத்து வளந்த புள்ள இவரு. இது ஏதோ தர்ம காரியம்னு தள்ளிட முடியாது, பாலிஷ் போடுற கை களைச்சுப் போச்சுன்னா மைக்ரான் தப்பும், அது லீடருக்குத் தெரிஞ்சிருக்கணும். இவங்ககிட்ட பால் ருடால்ஃப்ன்னு ஒரு லென்ஸ் டிசைனர் இருந்து 1896ல ப்ளானார், 1902ல டெஸ்ஸார்னு வரிசையா லென்ஸ் வந்ததுக்கும் இந்த அஸ்திவாரம்தான் காரணம்னு நான் நெனைக்கிறேன்.

அதுக்காக ஸைஸ்ல கொறையே இல்லன்னு சொல்ல மாட்டேன். அங்க வேலை பாத்த மெக்கானிக் ஆஸ்கர் பார்னாக் 1911ல வெட்ஸ்லர்ல இருந்த லைட்ஸ் கம்பெனிக்குப் போயிட்டாரு, அவரக் கூப்ட்ட எமில் மெக்காவ்வும் ஸைஸ்ல இருந்து போனவர்தான். சயின்ஸ் தெரிஞ்சவங்களுக்கு அவ்ளோ எடம் குடுத்த வீட்டுல, கைவேலையும் யோசனையும் ஒண்ணா இருக்குற ஒருத்தர தக்க வச்சுக்க முடியல.

லைட்ஸ் டீம் சின்னது, அதுதான் அதோட அழகு. பார்னாக் கைல கேமரா பாடி, 1912ல வந்த மேக்ஸ் பெரேக் கைல லென்ஸ். பெரேக் கனிமங்கள மைக்ராஸ்கோப்ல ஆராய்ச்சி பண்றவர், போலரைசேஷன் (ஒளியலை அதிர்ற திசை) ஆளு, கேமராவுக்கும் அவருக்கும் பெருசா சம்பந்தமே கெடையாது. பார்னாக் சினிமா ஃபிலிம்ல 24க்கு 36 மில்லிமீட்டர்னு ஒரு ஃப்ரேம் வச்சு 1914 வாக்குல மாடல் செஞ்சிட்டாரு. இத்துனூண்டு நெகட்டிவ பெருசு பண்ணிப் பாக்கணும்னா லென்ஸ் அவ்ளோ கூர்மையா இருக்கணும், அதத்தான் பெரேக் கணக்குப் போட்டாரு, அதுல இருந்துதான் எல்மார்ங்கிற லென்ஸ் வந்துச்சு. 1924ல கேமராவ ஃபேக்டரில செய்யலாமா வேணாமான்னு மீட்டிங், பொருளாதாரம் படுத்துக் கெடக்குற நேரம், ஆளாளுக்கு வேணாம்னாங்க. எர்ன்ஸ்ட் லைட்ஸ் எல்லாரும் பேசுறதக் கேட்டுட்டு ரிஸ்க் எடுக்குறோம்னு முடிவு சொன்னாரு. 1925 லைப்சிக் வசந்தகாலக் கண்காட்சில அந்தக் கேமரா லைக்காங்கிற பேர்ல வெளிவந்துச்சு.

இங்க விஞ்ஞானி பார்ட்னர் கெடையாது, மொதலாளி மொதலாளிதான். ஆனா டிசைனரும் மெக்கானிக்கும் மொதலாளியும் ஒரே ரூம்ல பேசுற தூரத்துல இருந்தாங்க. வேகம்னு பாத்தா ஸைஸ விட இது மேல், ஒரு ப்ராடக்ட முடிச்சு வெளிய கொண்டு வரணும்னா இந்த அமைப்புதான் சரி. கொறை என்னன்னா எல்லாம் அந்த ஒருத்தரோட துணிச்சல நம்பி இருக்கு, அடுத்து வர்ற வாரிசு அப்படி இல்லன்னா கத கந்தல்.

நடுவுல ஒரு வரி இங்கிலாந்து பத்தி. ஹெச். டென்னிஸ் டெய்லர் 1893ல மூணே மூணு லென்ஸ வச்சு குக் ட்ரிப்ளெட்ங்கிற கேமரா லென்ஸ டிசைன் பண்ணாரு, ஆனா அவர் வேலை பாத்த யார்க் கம்பெனி டெலஸ்கோப் செய்ற கம்பெனி, கேமரா லென்ஸ்ல இறங்க விரும்பல, அதனால லெஸ்டர்ல இருந்த வேற கம்பெனிக்கு லைசென்ஸ் குடுத்துட்டாங்க. நம்மாள் கண்டுபுடிச்சத நாமளே செய்யலன்னாலும் பொட்டில வச்சுப் பூட்டாம செய்றவங்க கைல குடுத்தாங்களே, அதுவும் ஒரு நல்ல தலைமைதான்.

இப்போ கடைசி ஆளு, அமெரிக்கக் கம்பெனி பெர்கின்-எல்மர். இத ஆரம்பிச்ச கதையே அருமையா இருக்கும். ரிச்சர்ட் பெர்கின் பேங்க் தொழில்ல இருந்தவர், சார்ல்ஸ் எல்மர் கோர்ட் ரிப்போர்ட்டிங் கம்பெனி நடத்துனவர், ரெண்டு பேருக்கும் வானம் பாக்குற பைத்தியம், அந்த ஆசைல 1937ல கம்பெனி ஆரம்பிச்சாங்க. திறமைக்குக் கொஞ்சமும் பஞ்சம் இல்லாத எடம். ஏப் ஆஃப்னர் அங்கதான் இருந்தாரு, ஒரே மையம் கொண்ட ரெண்டு மிரர வச்சு அவர் போட்ட டிசைன்தான் 1973ல, சிப் மேல சர்க்யூட்ட ஒளியால பதிக்கிற மைக்ரலைன் மெஷின்ல வந்து சிப் தயாரிப்பையே மாத்துச்சு. மிரரோட வளைவு சரியான்னு சோதிக்கிற நல் கரெக்டர் (null corrector) கருவிலயும் ஆஃப்னர் வகைன்னே தனியா ஒண்ணு இருக்கு.

அப்பேர்ப்பட்ட கம்பெனிதான் நாசாவோட ஹப்பிள் விண்வெளி டெலஸ்கோப்போட 2.4 மீட்டர் மெயின் மிரர தப்பா தேச்சுக் குடுத்துச்சு. நிறுவனர்கள் ரெண்டு பேருமே அப்போ உயிரோட இல்ல, கம்பெனி பெருசாகி டிவிஷன் டிவிஷனா பிரிஞ்சிருந்துச்சு. என்ன நடந்துச்சுன்னா, மிரர சோதிக்கிற நல் கரெக்டருக்குள்ள லென்ஸ எந்தத் தூரத்துல வைக்கணும்னு ஒரு உலோகக் கம்பிய வச்சு அளந்தாங்க. அந்தக் கம்பியோட முனைல ஒரு மூடி, மூடில சின்ன ஓட்ட, அந்த ஓட்ட வழியா லேசர் போய் கம்பி முனைல பட்டுத் திரும்பணும். மூடி மேல பூசிருந்த வெளிச்சம் திருப்பாத பூச்சு ஒரு எடத்துல உரிஞ்சு போயிருந்துச்சு, லேசர் அந்த உரிஞ்ச எடத்துலயே பட்டுத் திரும்பிடுச்சு. லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி உக்காந்துச்சு, அப்படி உக்கார வைக்க எடம் பத்தலன்னு வாஷர் வச்சு சரிக்கட்டுனாங்க. அந்தத் தப்பான கருவிய நம்பி மிரர அவ்ளோ சுத்தமா தேச்சாங்க, ஓரம் 2.2 மைக்ரான் தட்டையாப் போச்சு.

தப்பு யாருக்கும் நடக்கும்ங்க. எனக்கு வயித்தெரிச்சலே அதுக்கப்புறம் நடந்ததுதான். வேற ரெண்டு டெஸ்ட்லயும் ஸ்பெரிக்கல் அபரேஷன் (மிரரோட ஓரத்து ஒளியும் நடு ஒளியும் ஒரே எடத்துல சேராத கோளாறு) இருக்குன்னு தெளிவா காட்டுச்சு, அந்தக் கருவி ரெண்டும் அவ்ளோ துல்லியம் இல்ல, நம்ம நல் கரெக்டர்தான் ஒசத்தின்னு ஓரங்கட்டிட்டாங்க. 1990 ஏப்ரல்ல டெலஸ்கோப் மேல போச்சு, படம் மங்கலா வந்துச்சு, லூ ஆலன் தலைமைல கமிட்டி விசாரிச்சு அதே வருஷம் நவம்பர்ல ரிப்போர்ட் குடுத்தாங்க. மிரர் செஞ்ச டிவிஷன் வெளிப்பார்வையே படாம தனியா மூடி இருந்துச்சு, டிசைன் விஞ்ஞானிங்க செய்ற எடத்தக் கண்காணிக்கல, ஒத்துவராத அந்த ரிசல்ட் அவங்க கண்ணுக்கே போகலன்னு அதுல இருக்கு. ஒரே கம்பெனிக்குள்ள அவ்ளோ அறிவு இருந்தும், அது நடந்து போக வழி இல்ல. 1993 டிசம்பர்ல விண்வெளி வீரர்கள் போய், மிரரோட தப்ப ஈடுகட்டுற காஸ்டார் கருவியையும் புது கேமராவையும் மாட்டி சரி பண்ணாங்க.

ஸைஸையும் பெர்கின்-எல்மரையும் மட்டும் தனியா எடுத்து வச்சுப் பாருங்க. ரெண்டு எடத்துலயும் கணக்குக்கும் பாக்குறதுக்கும் ஒத்துவரல. யேனால அந்த முரண்பாடு நேரா ஆபே டேபிளுக்கு வந்துச்சு, அவர் அத வச்சே வருஷக்கணக்கா மல்லுக்கட்டுனாரு. அமெரிக்கால அது ஒரு டிவிஷனுக்குள்ளயே அமுங்கிப் போச்சு. ஆபேய விட ஆஃப்னர் எந்த விதத்துலயும் மட்டம் கெடையாது, இருந்த எடம்தான் வேற.

அதனால என்னோட தேர்வு இதுதான். வருஷக்கணக்கா ஓடுற, திருப்பி சரி பண்ணவே முடியாத சிஸ்டம்னா ஸைஸ் மாதிரி விஞ்ஞானிக்கு பங்கும் அதிகாரமும் இருக்குற கம்பெனி, கொஞ்சம் லேட் ஆனாலும் பரவால்ல. ஒரே ஒரு லென்ஸ், சீக்கிரம் கைக்கு வரணும்னா லைட்ஸ் மாதிரி சின்ன டீம். வெளில இருந்து ஒரு கன்சல்டன்ட்ட மட்டும் வச்சு ஓட்டுறீங்கன்னா பெட்ஸ்வால நெனச்சுக்கிட்டு, டிசைன் யாருக்குச் சொந்தம், அடுத்த வெர்ஷனுக்கு அவருக்கு என்ன கெடைக்கும்னு மொத நாளே எழுதி வச்சுக்கோங்க. பெரிய கம்பெனின்னா மொத மீட்டிங்லயே நான் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன்: ரெண்டு டெஸ்ட் ரெண்டு விதமா சொன்னா அந்த ரெண்டு பேப்பரும் யாரு டேபிளுக்குப் போகும், அவரால ஷிப்மென்ட்ட நிறுத்த முடியுமா? பேரச் சொல்லி, அந்த ஆளையே கூட்டிட்டு வந்து எதிர்ல உக்கார வச்சாங்கன்னா அடுத்த பேச்சு பேசலாம்.