சூடா, மருந்தா, பிக்கா: குழாயை அடைக்கும் மெழுகுக்கு எது சரி?

மணலி சுத்திகரிப்பு ஆலை 1969-ல் உற்பத்தியைத் தொடங்கியது. இன்று அதன் திறன் ஆண்டுக்கு 1.05 கோடி டன். பெட்ரோல், டீசலோடு பாரஃபின் மெழுகும் அங்கே தயாராகி விற்பனைக்குப் போகிறது. ஆலைக்குள் காசாகிற இந்தச் சரக்கு, எண்ணெய் வயலிலிருந்து வரும் பைப்லைனில் இருந்தால் தலைவலி. கச்சா எண்ணெய் குளிரக் குளிர மெழுகு படிகமாகப் பிரிந்து குழாயின் உள்சுவரில் ஒட்டும். இன்னும் குளிர்ந்தால் எண்ணெய் மொத்தமுமே கூழாக நின்றுவிடும்.

மார்கழிக் காலையில் சீசாவுக்குள் உறைந்து கிடக்கும் தேங்காய் எண்ணெயைச் சென்னைவாசிகள் பார்த்திருப்பார்கள். அதற்கு 24 டிகிரிக்குக் கீழே இறங்கவேண்டும். மும்பை ஹை கடல் வயலின் எண்ணெய்க்கு அவ்வளவு குளிர்கூடத் தேவையில்லை, சுமார் 30 டிகிரியிலேயே ஓட மறுக்கும். ராஜஸ்தானின் மங்களா வயல் எண்ணெய் 40 டிகிரியைத் தாண்டினால்தான் அசையும். நம் ஊர் மே மாத மதியம் அதற்கு ஓரளவு தோதுப்படலாம்.

வைத்தியம் மூன்று: சூடுபடுத்துவது, ரசாயனம் கலப்பது, உள்ளே பிக் (எண்ணெயோட்டத்தோடு குழாய்க்குள் போகும் சுரண்டு கருவி) விட்டுச் சுரண்டுவது.

சூடு கேட்க எளிது, செலவில்தான் கடிக்கும். பார்மரிலிருந்து குஜராத் கடற்கரை வரை 600 கிலோமீட்டருக்கு மேல் போகும் மங்களா பைப்லைனுக்கு முழு நீளமும் வெப்பக்காப்பு உறை உண்டு. ஒட்டியே ஓடும் சிறு குழாய்க்குள் மின்சாரம் பாய்ச்சி எண்ணெயைச் சூடாகவே வைத்திருக்கிறார்கள். இவ்வளவு மெழுகுள்ள எண்ணெய்க்கு வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் சூடும் ஓட்டமும் சேர்ந்து நெடுநேரம் நின்றுபோனால், உறைந்த எண்ணெயை மறுபடி நகர்த்தப் பம்புக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு அழுத்தம் தேவைப்படும். அந்த அழுத்தத்தைக் குழாய் தாங்குமா என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் பைப்லைனையே வடிவமைப்பார்கள்.

அசாமில் 1960-களில் வேறு தந்திரம் செய்தார்கள். பீகாரின் பரௌனி வரை 1,157 கிலோமீட்டர் போகவேண்டிய எண்ணெயை, துலியாஜானில் 90 டிகிரிக்கு மேல் சூடாக்கிப் பின் நிதானமாகக் குளிரவைத்தார்கள். படிகங்கள் உருவாகும் விதமே மாறி, எண்ணெய் முன்பைவிடக் குறைந்த வெப்பத்திலும் ஓடும். வழி நெடுக அடுப்பு வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது, ஆனாலும் பெரிய ஆலை, பெரிய எரிபொருள் செலவு. பிற்பாடு அங்கேயும் ரசாயனம் வந்துவிட்டது.

அந்த ரசாயனம் பெரும்பாலும் எத்திலீன் வினைல் அசிடேட் வகைப் பாலிமர். மெழுகை அது கரைப்பதில்லை. மெழுகோடு சேர்ந்தே படிகமாகி, படிகங்கள் கைகோத்து வலையாவதைக் கெடுக்கிறது. பத்து லட்சத்துக்குச் சில நூறு பங்கு போதும். ஆனால் எண்ணெய் சூடாக இருக்கும்போதே, மெழுகு பிரியத் தொடங்குமுன் கலக்கவேண்டும். ஆறிய பிறகு ஊற்றினால் பணம்தான் வீண். ஒரு வயலுக்குப் பிரமாதமாக வேலை செய்தது அடுத்த வயலில் ஒன்றுமே செய்யாமலும் போகும். ஆய்வகத்தில் சோதிக்காமல் விற்பனையாளரின் பேச்சை நம்பி வாங்கக்கூடாது.

பிக்கை மற்ற இரண்டுக்கும் போட்டியாக வைப்பதே தப்பு என்பேன். எண்ணெய் கூழாவதை அது தடுக்காது, சுவரில் படிந்ததை மட்டும் வழிக்கும். தவறாமல் விட்டுக்கொண்டிருந்தால் மலிவான காவல். பல மாதம் விட்டுவிட்டுத் திடீரென்று அனுப்பினால் சுரண்டிய மெழுகெல்லாம் முன்னால் குவிந்து, பிக்கே அடைப்பாக மாறும்.

ஆக, 30 டிகிரி வாக்கில் உறையும் எண்ணெய், இடைவிடாத ஓட்டம், நீண்ட தூரம் என்றால் ரசாயனமும் ஒழுங்கான பிக்கும். 40-ஐத் தாண்டினால் சூடுதான்.

இதெல்லாம் அடைத்திருப்பது மெழுகாக இருந்தால். அஸ்பால்டீன் (கச்சா எண்ணெயில் இருக்கும் தார் போன்ற கனமான பொருள்) என்றால் கதை வேறு: சூட்டுக்கு அது உருகாது, டொலுவீன், சைலீன் போன்ற கரைப்பான் வேண்டும். எண்ணெயில் எவ்வளவு அஸ்பால்டீன் இருக்கிறது என்பதை வைத்தும் ஆபத்தைக் கணிக்க முடியாது. வெனிசுவேலாவின் போஸ்கான் எண்ணெயில் 17 சதவீதம் இருந்தும் பெரிய தொல்லையில்லை. அல்ஜீரியாவின் ஹாசி மெசாவுத் எண்ணெயில் 0.15 சதவீதம்தான், கிணறுகள் அடைத்துக்கொண்டன. மற்ற பொருட்கள் அதைக் கரைத்து வைத்திருக்கின்றனவா என்பதே கேள்வி.

பல நாட்டு எண்ணெயைக் கலந்து காய்ச்சும் ஆலைகளுக்கு இதுதான் பெரிய சிக்கல். கனமான எண்ணெயில் மெழுகுத்தன்மையுள்ள லேசான எண்ணெயைத் தாராளமாகச் சேர்த்தால் அஸ்பால்டீன் பிரிந்து, எண்ணெயை உலைக்கு முன்பே சூடாக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் படியும். உலைக்குள் நுழையும் எண்ணெயின் சூடு குறையும், அதை ஈடுகட்ட உலையில் கூடுதல் எரிபொருள் எரியும். அப்புறம் ஆலையை நிறுத்தும் ஷட்டவுனில் அதன் குழாய்க் கட்டை வெளியே இழுத்து ஹைட்ரோ ஜெட் (உயர் அழுத்த நீர்) அடிப்பதா, ரசாயனத்தைச் சுற்றவிடுவதா என்று விவாதம் நடக்கும். ரசாயனத்தில் பிரித்து மாட்டும் வேலை மிச்சம், ஆனால் கோக்காக (கரியாக) இறுகிப்போனதை அது அசைக்காது, ஜெட்தான் கதி. கலக்குமுன் சிறிதளவு கலவையைச் செய்து வடிதாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாலே, பொருந்தாத கலவை நடுவில் கருவளையம் போட்டுக் காட்டிவிடும்.